தன்னைத்தானே வரைய: கண்ணாடி முன்னாலா, போட்டோவைப் பார்த்தா?

சனி, ஞாயிறுகளில் பெரியவர்களுக்குத் தைலவண்ணம் சொல்லிக்கொடுக்கிறேன். கத்தரிக்காயும் பித்தளைச் சொம்பும் வரைந்து கை கொஞ்சம் பழகியதும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சார், என்னையே வரையணும்னு ஆசையா இருக்கு. போட்டோ பார்த்துப் போடட்டுமா, கண்ணாடி முன்னாடி நின்னு போடட்டுமா?"

போன மாதம் ஒரே நாளில் இரண்டு பேர் இதைக் கேட்டார்கள். ஒருவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறவர். இன்னொருவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பகல் முழுவதும் அவர் கையில் இருக்கிறது, ஆனால் முழங்கால் வலியால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு வகுப்பில் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

"எது சுலபம்?" என்று கேட்டால் போட்டோ என்று உடனே சொல்லிவிடலாம். அது மட்டும் போதாது. நான் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு எந்த நேரம் கிடைக்கிறது, அப்போது வெளிச்சம் எப்படி இருக்கிறது என்பது முதலாவது. அப்புறம் முகத்தின் வடிவமும் அளவும் சரியாகக் கிடைக்குமா என்பது. மூன்றாவது தோலின் நிறம். நான்காவது முகபாவம். ஐந்தாவது இடம்–வலம் மாறுகிற சங்கதி. கடைசியாகச் செலவு, இடவசதி, உடம்பு தாங்குமா என்கிற மூன்றும்.

இந்த ஆறில் நான் அதிக எடை கொடுப்பது நிறத்துக்கு. வடிவம் மட்டும் வேண்டுமென்றால் கரித்துண்டும் காகிதமும் போதும். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் வாசனையோடும் காயாத கித்தானோடும் மல்லுக்கட்டுவதே நிறத்துக்காகத்தான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை, படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

## கண்ணாடி முன்னால்

வடிவம். குளித்து முடித்ததும் ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் தலையின் விளிம்பை விரலால் சுற்றி வரைந்து பாருங்கள். உச்சி முதல் நாடி வரை 22 செ.மீ. இருக்கிற தலை, கண்ணாடியின்மேல் 11 செ.மீ.தான் வரும். பின்னால் நகர்ந்தாலும் முன்னால் வந்தாலும் அதே பாதிதான். உங்கள் கண்ணுக்கும் உங்கள் பிம்பத்துக்கும் சரிபாதித் தூரத்தில் கண்ணாடி நிற்பதே காரணம்.

இது வேலைக்கு நேரடியாக உதவும். ஈசலை (கித்தானைத் தாங்கும் சட்டத்தை) கண்ணாடியை ஒட்டி, அதே தூரத்தில் நிறுத்தி, கண்ணுக்குத் தெரிகிற அளவிலேயே வரைந்தால் தலை 11 செ.மீ. உயரத்துக்கு வரும். 10க்கு 12 அங்குலக் கித்தான் அதற்குத் தாராளம். 20க்கு 24 வாங்கி நிஜ அளவில் ஆரம்பித்தால் ஒவ்வொரு அளவையும் மனதுக்குள் இரட்டிக்க வேண்டியிருக்கும். முதல் படத்தில் அந்தச் சுமை வேண்டாம்.

தூரமும் கண்ணாடிக்குச் சாதகம். முக்கால் மீட்டரில் கண்ணாடியை வைத்தால் உங்கள் பிம்பம் ஒன்றரை மீட்டரில் நிற்கிறது. ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசும்போது முகத்தைப் பார்க்கிற தூரம் அது. மூக்கு, காது, நெற்றி எல்லாம் அதனதன் அளவில் இருக்கும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதிலேயே ஒரு சிக்கல் உண்டு. பிம்பம் ஒன்றரை மீட்டரில், கித்தான் கை எட்டும் தூரத்தில். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் கித்தான் தெளிவு, முகம் மங்கல். கழற்றினால் நேர்மாறு. புரோகிரசிவ் லென்ஸ் (மேல்பாதியில் தூரமும் கீழ்ப்பாதியில் கிட்டமும் தெரிகிற கண்ணாடி) போட்டவர்கள் கித்தானைப் பார்க்கத் தெரியாமலே நாடியைத் தூக்குவார்கள், அப்போது தலையின் சாய்வே மாறிவிடும். என் மாணவர் ஒருவரின் படத்தில் மூக்குத் துவாரங்கள் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்று தேடிப்போய் இதைக் கண்டுபிடித்தோம்.

நிறம். கண்ணாடி முழுசாக வெல்கிற இடம் இது. என் முகம் மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழே. காலை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் படும்போது நெற்றி மேட்டில் ஒரு பளபளப்பு தெரியும். அது வெள்ளை அல்ல, வானத்தின் நீலச் சாம்பல். அதற்குப் பக்கத்திலேயே, ஒரு விரற்கடை தள்ளி, தோல் திடீரென்று செம்பழுப்பாகச் சூடேறுகிறது. சவரம் செய்த இடம் பச்சை தோய்ந்த சாம்பல். ஜன்னலை ஒட்டியிருக்கும் காதுமடலில் வெளிச்சம் ஊடுருவும் இடம் மாதுளை முத்து மாதிரி சிவக்கிறது. தாடைக்குக் கீழே நிழலில் சட்டையின் நிறம் மேலேறி வருகிறது. மஞ்சள் சட்டை போட்ட அன்று அங்கே காவி வெளிச்சம், வெள்ளைச் சட்டை போட்ட அன்று குளிர்ந்த சாம்பல். அதனால்தான் படம் முடியும்வரை ஒரே சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

கடையில் கிடைக்கிற ஃபிளெஷ் டின்ட் டியூப் இளஞ்சிவப்பு ஐரோப்பியத் தோலை மனதில் வைத்துக் கலந்தது. நம் தோலுக்கு அதிலிருந்து தொடங்கினால் மேலே பௌடர் அப்பியதுபோல ஆகும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரைன் (ஆழ்ந்த நீலம்), டைட்டேனியம் ஒயிட் என்று நான்கை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக் கலந்தால் எல்லாம் வந்துவிடும். நெற்றியின் நீலப் பளபளப்புக்கு வெள்ளையில் அல்ட்ராமரைன் ஒரு துளி, சியன்னா ஒரு துளி.

வான்கோ 1888 செப்டம்பரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், மாடல் கிடைக்காததால் தன்னை வைத்தே வேலை செய்ய ஒரு நல்ல கண்ணாடி வாங்கியதாகச் சொல்கிறார். தன் தலையின் நிறத்தை வரைந்துவிட்டால், அது சுலபமில்லை என்றாலும், மற்றவர்களின் தலையையும் வரைய முடியும் என்பது அவர் போட்ட கணக்கு. சாயலை விட்டுவிட்டு நிறத்தைச் சொன்னார் பாருங்கள், அதற்காகவே இந்தக் கடிதத்தை நான் வகுப்பில் அடிக்கடி எடுக்கிறேன்.

வெளிச்சம். ஐரோப்பியப் புத்தகங்களைப் படித்துவிட்டு "வடக்கு ஜன்னல் இருக்கிறது, நாள் முழுக்க வெளிச்சம் மாறாது" என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள். அது லண்டனுக்கும் பாரிசுக்கும் சொன்னது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெயில் நேராக அடிக்கலாம். செப்டம்பர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வடக்கு ஜன்னல் நம் ஊரிலும் நம்பகமானது. மற்ற மாதங்களில் வெள்ளை மல் துணியை ஜன்னலில் கட்டி, தினமும் ஒரே இரண்டு மணி நேரம், ஒன்பதரை முதல் பதினொன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் படும் வெளிச்சமே கித்தானிலும் படவேண்டும். கித்தான் இருட்டில் இருந்தால் அதை ஈடுகட்ட வண்ணத்தை வெளிறக் கலந்துவிடுவீர்கள். ஹாலில் மாட்டும்போது படம் வெளுத்துத் தெரியும்.

முகபாவம். கண்ணாடிக்கு இதில் பலம் குறைவு. அரை மணி நேரம் புன்னகையைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது. கூர்ந்து அளக்கிற பார்வைதான் வரும், புருவம் லேசாக நெரியும். இடக்கண்ணை வரையும்போது இடக்கண்ணைப் பார்க்கிறோம், வலக்கண்ணை வரையும்போது அதைப் பார்க்கிறோம். தலையும் இழையளவு திரும்புகிறது. இரண்டு கண்களும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்காத படங்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூக்குப் பாலத்தின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து, அங்கேயே பார்த்துக்கொண்டு இரண்டு கண்களின் இடத்தையும் முதலில் குறித்துவிட்டால் இது தீரும்.

அசைவுக்கும் வழி இருக்கிறது. தரையில் சாக்பீஸால் பாதங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். கண்ணாடியில் நாடிக்கு நேராகச் சின்ன டேப் துண்டு ஒட்டுங்கள். பின்னணியில் ஜன்னல் கம்பி ஏதாவது தெரிந்தால், அது எந்தக் காதைத் தொடுகிறது என்று பார்த்து வையுங்கள். ஒவ்வொரு முறை கித்தானிலிருந்து நிமிரும்போதும் அதே இடத்துக்குத் திரும்ப இவை போதும்.

இடம்–வலம். கண்ணாடியைப் பார்த்து வரைந்த படத்தில் மூக்குத்தி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போய்விடும். சட்டைப் பை வலப்பக்கம் வரும். புடவைத் தலைப்பு வலத் தோளில் விழும். வான்கோ 1889-ல் வரைந்த கட்டுப்போட்ட காதுப் படத்தில் கட்டு வலக்காதில் இருக்கிறது. அவர் அறுத்துக்கொண்டது இடக்காது. லண்டன் கென்வுட் மாளிகையில் இருக்கும் ரெம்பிராண்டின் முதிய வயதுப் படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, முதலில் கண்ணாடியில் தெரிந்தபடியே தூரிகையை இடக்கையில் வரைந்து, பிறகு மாற்றியது தெரிந்தது. அவருக்கே இது உறுத்தியிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு. எல்லார் வீட்டிலும் பீரோ கண்ணாடி இருக்கிறது. ஆனால் பீரோவை ஜன்னல் பக்கம் நகர்த்த முடியாது. அதன் அகலமும் போதாது, ஈசலுக்குப் பின்னால் நின்றால் பாதி முகம் மறையும். கண்ணாடிக் கடையில் 2க்கு 3 அடி துண்டு வெட்டி வாங்கி, பின்னால் பிளைவுட் அடித்துக்கொள்ளுங்கள். ரசம் போன பழைய கண்ணாடி வேண்டாம், முகத்தில் இல்லாத கறைகளை அது உங்களுக்குக் காட்டும். இதைவிடப் பெரிய செலவு பகல் நேரம். 10க்கு 12 அளவுப் படத்துக்கு இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்தாறு வேண்டும். இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று பிரித்தால் தோளும் இடுப்பும் தாங்கும்.

## போட்டோவைப் பார்த்து

வடிவம். கையை நீட்டி எடுத்த செல்ஃபியிலிருந்து மட்டும் ஓவியம் தொடங்காதீர்கள். போன் மூக்கு நுனியிலிருந்து 45 செ.மீ.யில் இருந்தால், காது ஏறத்தாழ 57 செ.மீ.யில் இருக்கும். மூக்கோடு ஒப்பிடும்போது காது ஐந்தில் ஒரு பங்கு சிறுத்துவிடும். அதே முகத்தை 2 மீட்டரிலிருந்து எடுத்தால் காது ஆறு சதவீதம்தான் சிறுக்கும். 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள்: 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். எத்தனை கவனமாக வரைந்தாலும் "நான்தான், ஆனால் நான் மாதிரி இல்லை" என்கிற குறை இங்கிருந்து வருகிறது.

மாற்று எளிது. போனை 2 மீட்டர் தள்ளி, கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்பக்கக் கேமராவில் 2 அல்லது 3 மடங்கு ஜூம் வைத்து, டைமர் போட்டு எடுங்கள். அப்புறம் வடிவத்தைப் பொறுத்தவரை போட்டோவே மேல். அது அசையாது. கட்டம் போட்டு அளக்கலாம். தலைகீழாகத் திருப்பி வைத்து வரையலாம்.

நிறம். தோல் நிறத்தில் போட்டோ தோற்பதற்கு உங்கள் திறமைக் குறைவு காரணமில்லை. போன் முகத்தை அடையாளம் கண்டதும் அதை வெளுப்பாக்கப் பார்க்கிறது. கருத்த முகம் என்றால் அது இன்னும் அதிகம். நெற்றியின் நீலச் சாம்பல் வெறும் வெள்ளையாகிவிடும். தாடைக்குக் கீழ் நிழலில் இருந்த காவியும் சாம்பலும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். பியூட்டி மோட் போட்டிருந்தால் சவரப் பச்சையும் கண்ணுக்குக் கீழ்க் கருவளையமும் காணாமல் போகும். போட்டோவில் இல்லாத நிறத்தை நீங்கள் கற்பனையில்தான் போட வேண்டும். கண்ணாடி முன்னால் பத்துப் பதினைந்து தலைகள் வரைந்தவர்கள் அதைச் செய்துவிடுவார்கள். புதியவர்கள் கறுப்பு டியூபைப் பிதுக்கி நிழலை நிரப்புவார்கள். அந்தப் படத்தை தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்.

திரையில் பார்த்து வரைவதா, பிரிண்ட் எடுத்தா? திரை தானே ஒளிர்கிறது, வண்ணம் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் வண்ணம் எப்போதும் மங்கலாகத் தெரியும், மேலும் மேலும் வெள்ளை சேர்ப்பீர்கள். திரையில் பார்ப்பதென்றால் வெளிச்சத்தைக் குறைத்து, இரவானதும் தானாக மஞ்சளாகிற நைட் மோடை அணைத்துவிடுங்கள். ஒரு முறை நான் அதை மறந்துபோய் மூன்று இரவு வேலை செய்தேன். பகலில் பார்த்தபோது மஞ்சள் காமாலை வந்த முகம் மாதிரி இருந்தது. பகுதி பகுதியாகப் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்தேன். பிரிண்ட் என்றால் பளபளப்பில்லாத மேட் தாளில் 12க்கு 18 அங்குலம் எடுங்கள். ஒரே கோப்பு இரண்டு கடையில் இரண்டு நிறமாக வரும். நான் எடுத்த முதல் பிரிண்டில் முகம் முழுக்க ரோஸ் பாய்ந்திருந்தது. அந்தத் தாளை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

விளிம்பு. நம் கண் ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். கண்ணைப் பார்க்கும்போது காதும் தோளும் கரைந்து நிற்கும். போன் கேமரா பகல் வெளிச்சத்தில் இமை மயிரையும் காதணியையும் சட்டைக் காலரையும் ஒரே கூர்மையில் பதிக்கிறது. அதை அப்படியே வரைந்தால் முகம் பின்னணியில் கத்தரித்து ஒட்டியதுபோல நிற்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு போட்டோவைப் பார்க்கப் பழகுங்கள்.

முகபாவம். போட்டோ உறுதியாக வெல்கிற இடம். வாய்விட்டுச் சிரிப்பது, யாரையோ திரும்பிப் பார்ப்பது, கண் மூடியிருப்பது, பக்கவாட்டுத் தோற்றம், இதெல்லாம் ஒரு கண்ணாடியில் நடக்காது. பத்து வருடத்துக்கு முந்தைய உங்களை வரைய வேண்டுமென்றாலும் போட்டோதான்.

"போட்டோ பார்த்து வரைவது ஏமாற்று வேலை இல்லையா?" என்று தயங்குகிறவர்களுக்கு: பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா போட்டோவைப் பார்த்து வரைந்து பழகினார். ரவி வர்மாவும் அவர் தம்பி ராஜ ராஜ வர்மாவும் உருவப்படங்களுக்குப் போட்டோக்களைப் பயன்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டு ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் போட்டோ பூத்தில் எடுத்த சின்னச் சின்னப் படங்களை வைத்துத் தன்னை வரைந்தார். இவர்களில் தெலக்ருவாவும் ரவி வர்மாவும் நேரில் பார்த்து வரைவதிலும் ஆண்டுக்கணக்காகப் பழகிய கண்ணோடு போட்டோவுக்கு வந்தவர்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம், அந்தப் பழக்கத்தைத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இடம்–வலம். பின்பக்கக் கேமரா மற்றவர்கள் பார்க்கிறபடி காட்டும். செல்ஃபி கேமரா சில போன்களில் திருப்பியும் சேமிக்கும், அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பாத படம் உங்களுக்கே அந்நியமாகத் தெரியலாம். 1977-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், ஆட்கள் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தையும், அவர்களுடைய நண்பர்கள் திருப்பாத படத்தையும் அதிகம் விரும்பினார்கள். அவரவர் தினமும் பார்த்துப் பழகிய முகம் அவரவருக்குப் பிடிக்கிறது. வீட்டில் மாட்ட, பிள்ளைகளுக்குக் கொடுக்க வரைகிறீர்கள் என்றால் இது போட்டோவுக்கு ஒரு புள்ளி.

மறைந்திருக்கும் செலவு. இரவு, மூடிய படுக்கையறை, ஏசி, டர்பன்டைன். போட்டோ பார்த்து வரைகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள், தலைவலியோடு தூங்கப் போகிறார்கள். ஜன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் காற்றுத் தள்ளும்படி வையுங்கள். தூரிகை துடைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

இன்னொன்று, பெரிதாக்கிப் பார்க்கிற ஆசை. இரண்டு விரலால் இழுத்தால் மயிர்க்கால் வரை தெரிகிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய படம் நாற்பது மணி நேரம் இழுக்கும், கன்னம் எங்கே வளைகிறது என்பது மட்டும் தவறியிருக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| எதைப் பார்ப்பது | கண்ணாடி | போட்டோ |
|---|---|---|
| நேரம் | பகலில், தினமும் ஒரே இரண்டு மணி நேரம் | எப்போது வேண்டுமானாலும் |
| வடிவம் | சரியான அளவில் தெரியும், ஆனால் அசையும் | அசையாது, 2 மீட்டரில் எடுத்தால் சரியாக இருக்கும் |
| தோல் நிறம் | முழுவதும் கிடைக்கும் | நிழலும் பளபளப்பும் பறிபோகும் |
| முகபாவம் | கூர்ந்த பார்வை மட்டும் | எதுவும் முடியும் |
| இடம்–வலம் | மாறும் | மாறாது |
| செலவு | கண்ணாடி, பகல் நேரம், உடல் அலுப்பு | பிரிண்ட், ஸ்டாண்ட், நல்ல விளக்கு, கூடுதல் மணி நேரம் |

## யாருக்கு எது

தைலவண்ணத்தில் முதல் முகம் வரைகிறவருக்கும், பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கும் கண்ணாடி. தோல் நிறத்தில் திணறுகிறவருக்கும் கண்ணாடியேதான். கல்லூரிச் சேர்க்கைக்குத் தன் படைப்புகளைக் காட்டப்போகிற மாணவர்களும் அதையே எடுக்கட்டும். போட்டோவிலிருந்து வந்ததா, நேரில் பார்த்ததா என்று ஆசிரியர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நிற்கவோ உட்காரவோ முடியாதவருக்கும், கைக்குழந்தையோடு பத்துப் பத்து நிமிடமாக வேலை செய்கிறவருக்கும் போட்டோ. சிரித்த முகமோ பக்கவாட்டு முகமோ வேண்டுமென்றாலும் அதுதான். நோயிலோ சிகிச்சையிலோ மாறிப்போன முகத்துக்கு முந்தைய முகத்தை வரைய நினைக்கிறவர் தயங்காமல் போட்டோவை எடுக்கலாம். உடம்பு முடியாததாலேயே கண்ணாடி கைவிட்டுப் போகும் என்றும் சொல்ல முடியாது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1925 பேருந்து விபத்துக்குப் பிறகு படுத்த படுக்கையாக இருந்தபோது, கட்டிலின் மேற்கட்டியில் கண்ணாடி பொருத்தி, படுத்தபடி பயன்படுத்தும் ஈசலில் தன்னை வரையத் தொடங்கினார். மருத்துவப் படிப்பை நினைத்திருந்த அவர் ஓவியரானது அந்தக் கட்டிலில்.

## இரண்டையும் கலப்பதென்றால்

பலர் போட்டோவில் ஆரம்பித்து, கடைசி நாளில் கண்ணாடியைப் பார்த்து "உயிர் கொடுக்க" முயல்கிறார்கள். அதற்குள் நிறம் முழுக்க இறுகிப் போயிருக்கும். நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் கண்ணாடி முன்னால் ஒரு சின்னப் பலகையில், உள்ளங்கை அகலத்தில், ஒன்றரை மணி நேர நிறக் குறிப்பு. கண் மூக்கு வேண்டாம். நெற்றி, கன்னம், தாடை, கழுத்து நிழல், பின்னணி, இந்த ஐந்து நிறமும் ஒன்றுக்கொன்று சரியாக நின்றால் போதும். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே சட்டையோடு போட்டோ எடுங்கள். போட்டோவைக் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒத்துப்போகும்படி இடம்வலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் ஒன்றில் இடமிருந்தும் மற்றதில் வலமிருந்தும் வரும். வடிவத்தைப் போட்டோவிலிருந்து எடுங்கள், நிறத்தைப் பலகைக் குறிப்பிலிருந்து எடுங்கள். கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி முன்னால் வந்து நிழல்களைச் சரிபாருங்கள்.

இரவு எட்டரைக்கு வீடு திரும்புகிறவருக்கு இந்தக் கலப்பு வழியைத்தான் சொன்னேன். ஞாயிறு காலை நிறக் குறிப்பு, வார இரவுகளில் பகல் வெளிச்சத்துக்கு நெருங்கிய 5000 கெல்வின் எல்இடி விளக்கின் கீழ் கித்தான். நான்காவது வாரம் நடக்கிறது. கழுத்து நிழலை மூன்று முறை மாற்றியிருக்கிறார், மூன்றாவது சரியாக வந்திருக்கிறது.

ஆசிரியை கண்ணாடியையே எடுத்தார். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இன்னொரு நாற்காலியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்து, ஏழு காலைகளில் முடித்தார். மகள் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, மூக்குத்தி மாறியிருக்கே" என்றாராம். மாற்றிவிடவா என்று என்னிடம் கேட்டார். மூக்குத்தியை மட்டும் மாற்றினால் புடவைத் தலைப்பு வலத் தோளிலேயே இருக்கும், தூக்கிய இடப்புருவம் வலப்புருவமாகவே இருக்கும், அப்போதுதான் படம் குழம்பும் என்றேன். படத்தை எடுத்து அதே கண்ணாடிக்கு எதிரே பிடித்தோம். அதில் எல்லாம் நேராகத் திரும்பி, மகளுக்குத் தெரிந்த அம்மா இருந்தார். இப்போது அந்தப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, மூக்குத்தி இடப்பக்கத்திலேயே.